கன்டினியூவா, ரெஸ்யூமா? ஒரு மாணவிக்குத் தாமதமாக எழுதும் பதில்

   

இது நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் ஒரே மூச்சில் படியுங்கள். மற்றவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படியுங்கள். அப்படி விட்ட இடத்திலிருந்து எடுப்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

போன மாதம் ஒரு பழைய மாணவி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பெயர் சொல்லப் போவதில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 1995-96ல் என்னிடம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் படித்தவள். பிறகு கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கல்யாணம், குழந்தைகள், தறி. இப்போது மூத்த பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். இவளும் தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள்.

"சார், ஃபார்ம்ல ஏன் டிஸ்கன்டினியூ பண்ணீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. அதை எழுதிட்டேன். கடைசியில, இப்ப ஏன் படிக்க வர்றீங்கன்னு அஞ்சு வரி எழுதணும். அங்க 'ஐ வான்ட் டு கன்டினியூ மை ஸ்டடீஸ்'னு போடறதா, 'ரெஸ்யூம்'னு போடறதா? பொண்ணு ரெஸ்யூம்தான் கரெக்டுங்கறா. ஆனா பத்தாவதுல நான் ரெஸ்யூம்னு எழுதினதை நீங்க சிவப்பு மையில அடிச்சிட்டு கன்டினியூன்னு போட்டீங்க சார். அதான் கேக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி அடித்தது எனக்கு நினைவில்லை. ஆனால் அடித்திருப்பேன். என் சிவப்புப் பேனாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. நான்கு வாரம் அகராதியும், சட்டப் புத்தகமும், நம் ஊர்க் கல்வெட்டுப் புத்தகமும் புரட்டினேன். 'தொடர்வது' என்ற ஒரு வினைக்குப் பின்னால் நம் மாவட்டத்தின் வரலாறு இவ்வளவு இருக்கிறது என்று முப்பத்து நான்கு ஆண்டு ஆங்கிலம் நடத்தியபோது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் கொஞ்சம் இலக்கணம். ஓடிப் போகாதீர்கள்.

'கன்டினியூ' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 14-ஆம் நூற்றாண்டில் வந்த சொல். அதன் வேர் 'கான்டினேரே'. சேர்த்துப் பிடித்துக்கொள்வது என்று பொருள். ஒன்றோடொன்று விடாமல் பிணைந்திருப்பது. நம் தமிழிலும் 'தொடர்' என்ற சொல்லுக்குச் சங்கிலி என்று ஒரு பழைய பொருள் உண்டு. கண்ணியோடு கண்ணி கோத்தால்தான் சங்கிலி. எங்கேயோ இருந்த ரோமானியரும் நாமும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம்.

'ரெஸ்யூம்' வேறு வகை. அதுவும் லத்தீன்தான். 'ரே' என்றால் திரும்ப. 'சூமெரே' என்றால் எடுத்துக்கொள்வது. கீழே வைத்ததை, கையை விட்டுப் போனதைத் திரும்ப எடுப்பது. ஆக, ரெஸ்யூம் என்று சொன்னாலே நடுவில் ஓர் இடைவெளி இருந்தது என்று அர்த்தம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைகள் கொடுக்கிறார்களே ஒரு தாள், 'ரெஸ்யூமே', அதுவும் இந்த வேரில் வந்த பிரெஞ்சுச் சொல்தான். அங்கே சுருக்கித் தொகுத்தது என்று பொருள்.

'கீப்' மட்டும் லத்தீன் அல்ல. பழைய ஆங்கிலச் சொல். பிடித்துக்கொள், காத்துக்கொள் என்பது அதன் பொருள். 'கீப் ரீடிங்' என்றால் படிப்பைப் பிடித்த பிடி விடாதே என்று. தமிழில் 'படித்துக்கொண்டே இரு' என்கிறோம். அதிலும் ஒரு 'கொள்' இருக்கிறது பாருங்கள். கொள் என்றாலும் பிடித்து வைத்துக்கொள்வதுதான்.

'கேரி ஆன்' என்பதில் சுமப்பது இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல் பிரிட்டிஷ் அரசாங்கம், பதறாமல் அவரவர் காரியத்தைச் செய்துகொண்டு போங்கள் என்ற பொருளில் லட்சக்கணக்கில் ஒரு சுவரொட்டி அச்சடித்தது. ஆனால் அதைப் பெரும்பாலும் ஒட்டவே இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்து, இப்போது உங்கள் பிள்ளைகளின் காபிக் கோப்பை, டீ-ஷர்ட் எல்லாவற்றிலும் அந்த வாசகம்தான்.

உபயோகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்டினியூவுக்குப் பின்னால் 'டு ரீட்' என்றும் போடலாம், 'ரீடிங்' என்றும் போடலாம். கீப்புக்குப் பின்னால் 'ரீடிங்' மட்டும்தான். ரெஸ்யூமுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லோ 'ரீடிங்' மாதிரியோ வரும், 'டு ரீட்' வராது. 'அகெய்ன் ரெஸ்யூம்' என்று எழுதக்கூடாது. திரும்ப என்பது ரெஸ்யூமுக்குள்ளேயே இருக்கிறது. 'ரீஸ்டார்ட்' என்றால் முதலிலிருந்து தொடங்குவது.

உதாரணம் நம் ஏரியிலிருந்தே சொல்கிறேன். மதகு திறந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் கன்டினியூ. பத்து நாள் அடைத்து வைத்து, பிறகு திறந்தால் ரெஸ்யூம். இடைவெளிக்குப் பிறகும் கன்டினியூ போடுவதுண்டு, தவறில்லை. ஆனால் அங்கே இடைவெளியை நாம் கண்டுகொள்ளவில்லை என்று ஆகும். ரெஸ்யூம் போட்டால் இடைவெளியை ஒப்புக்கொண்டு பேசுகிறோம்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன்.

தொடர்வதைப் பற்றி நம் ஊருக்கு ஒரு கருத்து இருந்தது. தொடரக்கூடாது என்பதுதான் அந்தக் கருத்து! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை உங்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். முதல் கல்வெட்டில் வயது 30-லிருந்து 60 வரை. இரண்டே ஆண்டில் அதை 35-லிருந்து 70 வரை என்று திருத்தினார்கள்.

பதவிக்காலம் 360 நாள். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமே இல்லை. இருந்தவரே இருந்துகொண்டிருக்க முடியாது. இடைவெளி விட்டு, யோக்கியமாக இருந்தால், திரும்ப வரலாம். அதாவது கன்டினியூ கிடையாது, ரெஸ்யூம் உண்டு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால்!

பெருமைப்படும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பிரம்மதேய ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்கள்தான் அதில் வர முடியும். பெண்கள் இல்லை, உழுதவர்கள் இல்லை, நெய்தவர்கள் இல்லை. வகுப்பில் இந்தப் பாடம் வந்தபோதெல்லாம் முதல் பாதியை மட்டும் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பாதியையும் சொல்லியிருக்க வேண்டும்.

உழுதவர்களைப் பற்றிச் சொன்னதும் ரெஸ்யூமின் இன்னொரு முகம் நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்த் துறையில் ரெஸ்யூம் என்றால் வேலையைத் திரும்பத் தொடங்குவது அல்ல. கொடுத்த நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்வது. லத்தீன் வேர்ப்பொருள் அப்படியே! இனாம் நிலத்தை ரெஸ்யூம் செய்தார்கள் என்று பழைய ஆவணங்களில் வரும்போது, யாரோ ஒருவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது.

ஆனால் அதே சொல் ஏழைக்குக் காவலாகவும் வந்தது. 1891-ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்தவர் ட்ரெமென்ஹீர். நம் ஊரெல்லாம் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் படும் பாட்டை அவர் விரிவாக அறிக்கை எழுதி அனுப்பினார். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. அந்த மக்களுக்கு நிலம் ஒப்படைக்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். இப்படி ஒப்படைத்த நிலங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட காலம் வரை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கை மாறலாம். மீறினால் அரசு நிலத்தை 'ரெஸ்யூம்' செய்யலாம், அதாவது வாங்கியவரிடமிருந்து திரும்ப எடுக்கலாம்.

எடுத்தார்களா என்பது வேறு கதை. 1994 அக்டோபரில் செங்கல்பட்டில், காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். பஞ்சமி நில மீட்பு. சட்டப் புத்தகத்தில் ரெஸ்யூம். மக்கள் வாயில் மீட்பு. இதற்கு நான் திரும்ப வருவேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கன்டினியூவின் கதை. இது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்த கதை.

1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை மொழிப் பிரிவுகளை ஏற்றுக்கொண்டது. 343-ஆவது பிரிவின்படி இந்தி ஆட்சிமொழி. ஆனால் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டு, அதுவரை ஆங்கிலம் எந்தெந்தக் காரியத்துக்குப் பயன்பட்டதோ அந்தக் காரியங்களுக்கெல்லாம் அது 'ஷால் கன்டினியூ'. தொடர்ந்தே தீரும். 1950 ஜனவரி 26 முதல் கணக்கு. ஆக 1965 ஜனவரி 26 அன்று கெடு முடிகிறது.

1959 ஆகஸ்டில் நேரு மக்களவையில் உறுதிமொழி கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் வேண்டும் என்கிற வரைக்கும் ஆங்கிலம் இருக்கும் என்றார். அந்த வாக்குறுதியைச் சட்டமாக்கத்தான் 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாவது பிரிவில், 15 ஆண்டு முடிந்த பிறகும் இந்தியோடு கூட ஆங்கிலம் 'மே கன்டினியூ' என்று எழுதினார்கள்.

ஷால் போய் மே வந்துவிட்டது. சின்னச் சொல்தானே என்று தோன்றும். நீங்கள் வகுப்பு வாசலில் நின்று "மே ஐ கம் இன், சார்?" என்று கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? தாமதமாக வந்தவனுக்கு நான் எத்தனை முறை "நோ" என்று சொல்லியிருக்கிறேன்! அதுதான் மே. 'தொடரலாம்' என்றால் 'தொடராமலும் போகலாம்' என்பதற்கு அங்கே இடம் இருக்கிறது.

1962 தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியில் தோற்று, அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போயிருந்தார் அறிஞர் அண்ணா. அந்த மே வேண்டாம், ஷால் போடுங்கள் என்பதுதான் அவர் தரப்பின் வாதம். இந்த இடத்தில் மே என்பதற்கு ஷாலின் பொருள்தான் என்பது அரசின் பதில். அப்படியானால் ஷால் என்றே எழுதிவிடுவதில் என்ன தயக்கம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எழுதவில்லை. மே மேயாகவே நின்றது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். 1965 ஜனவரி கடைசியில் மாநிலம் முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. பலர் உயிர் போயிற்று. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும், நம் செங்கல்பட்டுத் தொகுதி உறுப்பினர் ஓ. வி. அழகேசனும் பதவி விலகினார்கள். அன்றைக்கே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார்.

அப்போது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வரலாறு. ஏரிக்கரையில் ஒரே ஆட்டம்.

ஆனால் எங்கள் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் பெரியண்ணன், காஞ்சிபுரத்தில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஊர்வலத்தில் போனார். தடியடியில் முழங்கையில் அடி. ராத்திரியில் யாரோ சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். பெரியம்மா அழுதபடி மஞ்சள் பற்றுப் போட்டதும், பெரியப்பா திண்ணையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது.

கல்லூரிகளைத் திரும்பத் திறந்தார்கள். பையன்கள் எல்லாம் திரும்பப் போனார்கள். பெரியண்ணன் போகவில்லை. "படிச்சுக் கிழிச்சது போதும், களத்துக்கு வா" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. கொஞ்ச நாள் வயல், பிறகு ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிற வேலை. கடைசி வரை அதுதான்.

உறவினர்களில் மூத்தவர்களுக்கு இது தெரியும். இளையவர்களுக்கு அவரை ரைஸ்மில் தாத்தாவாக மட்டும்தான் தெரியும். அவர் ஒரு சொல்லுக்காக அடி வாங்கியவர் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1967-ல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரி 8-ல் ஒப்புதல் கிடைத்தது. அதில் சேர்ந்த புதிய உட்பிரிவை நான் இந்த மாதம்தான் நிதானமாகப் படித்தேன். 'கன்டினியூ' என்ற சொல்லை விட்டுவிட்டு, அதன் எதிர்ச்சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். ஆங்கிலப் பயன்பாட்டின் 'டிஸ்கன்டினியுவன்ஸ்', அதாவது நிறுத்தம். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டு, அதைப் பார்த்த பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட வேண்டும். அதுவரை இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கும். ஒரு மாநிலம் மாட்டேன் என்றாலும் நிறுத்த முடியாது.

இலக்கணமாகப் பார்த்தால் அழகான மாற்றம். 1949-ல் ஷால் கன்டினியூ, ஆனால் கெடு வைத்து. 1963-ல் மே கன்டினியூ, கெடு இல்லை, உறுதியும் இல்லை. 1968-ல், நிறுத்துவதற்குத்தான் அனுமதி வேண்டும், தொடர்வதற்கு யாரையும் கேட்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதே ஜனவரி 23-ல் நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இருமொழித் தீர்மானம் போட்டது. நான் ஆங்கில வாத்தியாராக முப்பத்து நான்கு ஆண்டு சோறு தின்றதும் அந்த வழியில் வந்த சோறுதான்.

பெரியண்ணன் ஆங்கிலம் தொடர்வதற்காகப் போனார். ஆங்கிலம் தொடர்ந்தது. அவர் படிப்பு தொடரவில்லை. நான் 1980-ல் வேலைக்குச் சேர்ந்த அன்று அவரிடம் ஆசி வாங்கப் போனேன். "இங்கிலீஷ் வாத்தியாரா? சரிடா தம்பி, நல்லா நடத்து" என்று சொல்லி, மில் கணக்கு எழுதுகிற பேனாவை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு மைப் பேனா.

அந்தப் பேனாவால்தான் திருத்தினேனா என்றெல்லாம் கேட்காதீர்கள். அது எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் அவர் படிப்பு நின்றது எங்களுக்கெல்லாம் தெரிந்தும், திரும்பப் படியுங்கள் அண்ணா என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் ஆசிரியரானபோது அவருக்கு முப்பத்து மூன்று வயதுதான். தபால் வழிக் கல்வி அப்போதே வந்துவிட்டது. எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்த மாணவியின் நோட்டுக்கு வருகிறேன்.

அவள் செய்தி வந்த பிறகு நானே போன் செய்தேன். "என்ன வாக்கியம்மா அது, ஞாபகம் இருக்கா?" என்றேன். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அரையாண்டுக்கு முன்னாடி சார். அம்மாவுக்குப் பிரசவம், ரெண்டு மாசம் நான் ஸ்கூலுக்கு வரலை. நான்தான் தறியில உக்காந்தேன். திரும்பி வந்ததும் ஒரு காம்போசிஷன் வச்சீங்க. 'ஆஃப்டர் டூ மந்த்ஸ் ஐ ரெஸ்யூம்ட் மை ஸ்டடீஸ்'னு எழுதினேன். டிக்ஷனரி பாத்து எழுதினேன் சார். நீங்க அடிச்சிட்டு கன்டினியூட்னு எழுதி, அரை மார்க் கொறைச்சீங்க."

நான் ஏன் அடித்தேன் என்று இப்போது யூகிக்க முடிகிறது. பாடநூல் பயிற்சியில் கன்டினியூ இருந்திருக்கும். பத்தாம் வகுப்புக் குழந்தை ரெஸ்யூம் என்று எழுதினால், எங்கேயோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்ற சந்தேகம் வந்திருக்கும். நாற்பது நோட்டுத் திருத்துகிற அவசரம் வேறு.

அவள் எழுதியது சரி. நான் அடித்தது தவறு.

சொல்லில் செய்த தவறு சின்னது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அந்த வாக்கியத்தில் இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இரண்டு மாதம் வரவில்லை என்கிறாள். நான் வினைச்சொல்லைப் பார்த்தேன், இரண்டு மாதத்தைப் பார்க்கவில்லை. எங்கே போயிருந்தாய், வீட்டில் என்ன என்று கேட்கவில்லை. அவள் இடைவெளியைச் சொல்கிற வினையைத் தேடிப் பிடித்து எழுதினாள். நான் இடைவெளியே இல்லாத வினையைப் போட்டு அதை மூடிவிட்டேன். அன்றைக்குக் கேட்டிருந்தால், மூன்று நான்கு வருடம் கழித்துக் கல்லூரிப் படிப்பு நிற்கிற நேரத்தில், போய்ச் சொல்ல ஒரு சார் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

போனில் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ சார், அதுக்காகவா சொன்னேன்" என்று சிரித்தாள். இங்கே எல்லோர் முன்னாலும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். அந்த அரை மதிப்பெண்ணையும் இத்துடன் போட்டுவிட்டேன் அம்மா.

இனி அவள் கேள்விக்குப் பதில்.

தமிழில் ரெஸ்யூமுக்கு என்ன சொல் என்று யோசித்தபடி இருந்தேன். 'மீண்டும் தொடங்கு' என்கிறோம். மீண்டும் என்பதை வெறும் 'அகெய்ன்' என்று நினைத்தே இத்தனை காலம் நடத்தினேன். அதன் வேர் 'மீள்'. மீள்வது என்றால் திரும்பி வருவது, ஒரு கஷ்டத்திலிருந்து வெளியே வருவது. அதுவே பிறவினையானால் 'மீட்பது'. அடகு வைத்த நகையை மீட்கிறோம். பறிபோன நிலத்தை மீட்கிறோம். லத்தீன்காரன் 'திரும்ப எடுப்பது' என்று சொன்னதும் இதுதான். பஞ்சமி நில மீட்பு என்று நம் மக்கள் வைத்த பெயர், எந்த அகராதியையும் பார்க்காமல், அந்த வேரில் போய் நின்றிருக்கிறது.

அடகு வைத்தவருக்குத்தான் தெரியும், நகை நம்முடையதுதான். நடுவில் வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவே. இவள் படிப்பும் அப்படித்தான். அப்பா வைத்தியத்துக்கும், தம்பிகள் சோற்றுக்கும், பிள்ளைகள் வளர்ப்புக்கும் இருபத்தைந்து வருடம் அடகில் இருந்தது. வட்டி நிறையவே கட்டிவிட்டாள்.

ஆகவே அம்மா, ரெஸ்யூம் என்றே எழுது. உன் பெண் சொன்னது சரி. இருபத்தைந்து வருட இடைவெளியை மறைக்கிற வினை உனக்கு வேண்டாம். அந்த ஐந்து வரியில் தறியையும் ஒரு வரி எழுது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சேர்க்கை கிடைத்த பிறகு, பாதியில் அலுப்புத் தட்டும்போது, 'கீப்' ஞாபகம் வரட்டும். பின்னால் 'ரீடிங்' மட்டும்தான் வரும்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னிடம் படித்தவர்களில் பாதியில் நின்றவர்கள் இன்னும் பலர் இருப்பீர்கள். எனக்கு முகங்கள் நினைவிருக்கின்றன, பெயர்கள்தான் சில சமயம் தவறுகின்றன. திரும்ப எடுக்க நினைத்தால் போன் செய்யுங்கள். விண்ணப்பம் நிரப்ப, ஆங்கிலத் தாளுக்குச் சொல்லிக்கொடுக்க, வீட்டுத் திண்ணை இருக்கிறது. காசு பணம் வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வந்தால் உங்கள் டீச்சரம்மா டீ போட்டுக் கொடுப்பார்.

சிவப்புப் பேனாவை உள்ளே வைத்துவிட்டேன். இனி நீலம்தான்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் பழைய இங்கிலீஷ் சார்,
உத்திரமேரூர்